ஒரு விளக்கும் அதன் கூலியும்

கார் வைத்திருக்கும் ஆசிரியர் ஒருவர் இத்தகைய ஏட்டில் தமது காரைப் பற்றி எழுதப் புகுந்தால் வாசகர் சிலர் முகஞ்சுளிப்பர் என்பதை நாம் அறிவோம். பஸ்ஸின் மிதிபலகையில் தொங்கிச் செல்லும் மக்களின் துயரைச் சொல்லவேண்டிய பக்கத்தில் பெற்றோல் மணக்கலாமா என அவர்கள் கேட்பது நியாயமே. எனவே எமது நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

நாம் வசிப்பது யாழ்ப்பாணத்தில். படிப்பிப்பது கிளிநொச்சி மாவட்டத்தில், ஏ-9 வீதியிலிருந்து ஒன்பது கிலோமீற்றர் உள்ளே கிடக்கும் ஒரு பாடசாலையில். அவ்வூருக்கும் பஸ் உண்டு; முதலாம் பாடம் முடிந்த பின்னரே அது சந்தியை வந்தடையும். 2019 ஆம் ஆண்டில், யப்பானில் ஒருவரும் கொழும்பில் ஒருவரும் ஓட்டிக் களைத்த மூன்று உருளை என்ஜின் கொண்ட சிறிய கார் ஒன்றை வங்கிக் கடனில் வாங்கினோம். பத்திரம் எமது பெயரில் இருந்தாலும் அதன் பெரும்பகுதி வங்கிக்குச் சொந்தமானது. அடுத்த ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அந்தக் கதவு மீண்டும் திறக்க 2025 பெப்ரவரி ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் எமது பழங்கார் நாம் வாங்கிய விலையிலும் கூடிய விலை பெற்றது. பொருள் தேயத் தேய விலை ஏறுகின்ற விந்தையைப் பொருளியல் படிப்பிக்கும் நண்பர்கள் விளக்கட்டும்.

2022 இல் பெற்றோல் லீற்றர் ஒன்று 470 ரூபாவைத் தொட்டபோது காரில் தனியாகச் செல்வது இயலாததாயிற்று. அதே பாடசாலைக்குச் செல்லும் மூவர் எம்மோடு சேர்ந்தனர்: கணித ஆசிரியை ஒருவர், விஞ்ஞான ஆசிரியர் ஒருவர், ஆரம்பப்பிரிவு ஆசிரியை ஒருவர். பெற்றோல் செலவு நான்கு பங்கு. கிழமைக்கு இருபது லீற்றர் என்று கியூ.ஆர். அட்டை கட்டுப்படுத்திய காலத்தில் அந்த இருபது லீற்றரும் நால்வருக்கும் பொதுச்சொத்தாகவே இருந்தது. திருத்தச் செலவு யாருடையது என்பதை மட்டும் அன்று ஒருவரும் பேசவில்லை. இத்தகைய கூட்டுறவுகளில் பேசாமல் விடப்படும் விடயமே பின்னர் வாய் திறக்கிறது.

அது வாய் திறந்தது ஆனையிறவில். உப்பங்காற்று கண்ணாடியில் மோதிக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை காலை, வேகமானியின் அருகே செம்மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு விளக்கு எரிந்தது. என்ஜினின் உருவத்தை வரைந்திருக்கிறார்களாம். எமக்கு அது தோட்டத்தில் நீர் இறைக்கும் மெசினைப் போலவே தோன்றியது. கார் வழமைபோல ஓடிற்று. சத்தமில்லை, புகையில்லை. வேறென்ன வேண்டும் என்று நாமும் ஓட்டினோம். இரண்டு கிழமை கழிந்த பின்னர் அந்த விளக்குக் கண்ணை உறுத்துகிறதென்று விஞ்ஞான ஆசிரியர் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்ரர்த் துண்டு ஒன்றை அதன்மேல் ஒட்டிவிட்டார். விஞ்ஞானம் படித்தவர் செய்த காரியம் என்று இன்றுவரை அவரைக் கேலி செய்கிறோம். ஆனால் தடுக்காமல் பார்த்திருந்தவர் நாம்.

அந்த விளக்கு எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னர்தான் தேடிப் படித்தோம். கார்ச் சொந்தக்காரரின் பணத்தைக் காப்பதற்காகவோ என்ஜினின் ஆயுளை நீட்டுவதற்காகவோ அது முதலில் தோன்றவில்லை. 1943 யூலையில் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்தைக் கண்ணெரிக்கும் புகைமூட்டம் ஒன்று சூழ்ந்தபோது, யப்பானியர் நச்சுவாயு வீசிவிட்டனர் என்றே மக்களிற் பலர் எண்ணினராம். பகைவன் வெளியில் இல்லை, வீதியில் ஓடும் வாகனங்களின் புகைக்குழாயில் இருக்கிறான் என்பதை 1950களின் தொடக்கத்தில் நிறுவியவர் ஹாகன்-ஸ்மிற் என்ற உயிர்இரசாயனவியலாளர். அதற்கு முன்னர் அவர் ஆராய்ந்துகொண்டிருந்தது அன்னாசிப்பழத்தின் மணத்தை. எரியாமல் வெளியேறும் ஐதரோக்காபன்களும் நைதரசன் ஒட்சைட்டுகளும் வெயிலிற் கூடி அப்புகைமூட்டத்தைப் பிறப்பிக்கின்றன என்று அவர் காட்டினார். கார் உற்பத்தியாளர் எளிதில் இணங்கவில்லை. புகையைக் குறைக்கும் கருவிகள் சந்தைக்கு வருவதைத் தாமதப்படுத்தக் கூட்டாகச் சதி செய்தனர் என்று 1969 இல் அமெரிக்க நீதித்துறையே அவர்கள்மீது வழக்குத் தொடுத்தது. 1975 முதல் புகைக்குழாயில் ஊக்கி மாற்றி வந்தது. பிளாற்றினம், பலேடியம், உரோடியம் ஆகிய அருமையான உலோகங்களைப் பூசிய தேன்கூடு போன்ற அப்பாத்திரம் நச்சுவாயுக்களை உள்ளேயே மாற்றிவிடுகிறது. அந்த ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று காரே தன்னைத்தான் கண்காணித்து அறிவிக்கவேண்டும் என்ற விதி, 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்பட்ட எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாயிற்று. எந்த நிறுவனத்தின் காராயினும் ஒரே வடிவிலான பதினாறு ஊசித் துளைகள் கொண்ட வாய், ஒரே முறையிலான இலக்கங்கள், ஒரே விளக்கு.

சுருங்கச் சொன்னால், நாம் பிளாஸ்ரர் ஒட்டி மறைத்தது ஊரார் மூச்சுவிடும் காற்றின் காவலாளியை. அது ஓர் ஆலையின் கருணையால் வந்ததன்று. மக்கள் தொண்டை எரிந்து, விஞ்ஞானிகள் வாதாடி, சட்டம் போட்டு வாங்கியது. இலங்கையிலும் 2002 இல் ஈயங் கலந்த பெற்றோல் கைவிடப்பட்டதும், 2008 முதல் ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை வந்ததும் அதே வழியில் எடுத்துவைக்கப்பட்ட அடிகளே.

எம்மைக் கராஜுக்குத் துரத்தியதும் அந்தப் புகைப் பரிசோதனைதான். வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் நாள் நெருங்கியது. நகரத்திலுள்ள, கண்ணாடிக் கதவும் குளிரூட்டியும் கொண்ட ஒரு பெரிய திருத்தகத்துக்குச் சென்றோம். மெசினைக் குத்திப் பார்ப்பதற்கு மட்டும் 3,000 ரூபா என்றனர், கொடுத்தோம். P0171 என்ற இலக்கம் வந்தது. ஒட்சிசன் சென்சர் பழுது என்றனர். சாமானும் கூலியுமாக 52,000 ரூபா. டொலர் ஒன்று 2022 மார்ச்சின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்து மே மாதத்தில் 350 ஐத் தாண்டிய பின்னர், கப்பலில் வரும் எந்தச் சாமானின் விலையும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை என்பதை நாம் அறிவோம். ஆகவே வாதாடவில்லை. அச்சிட்ட பற்றுச்சீட்டைக் கையில் வாங்கி நன்றியும் சொல்லிவிட்டு வந்தோம். நால்வரும் கூடிப் பேசி, பாதியை நாம் ஏற்பது, மீதிப் பாதியை மூவரும் பகிர்வது என்று தீர்மானித்தோம். ஆரம்பப்பிரிவு ஆசிரியை தமது பங்கை இரண்டு தவணையில் தந்தார். அவர் கணவர் கடற்றொழில் செய்பவர். அந்த மாதம் கடல் குழப்பமாக இருந்தது.

மூன்றாம் நாள், பரந்தனைக் கடக்கும்போது விளக்கு மீண்டும் எரிந்தது.

அதே திருத்தகம். அதே இலக்கம். அப்படியானால் ஊக்கி மாற்றியைத்தான் மாற்றவேண்டும் என்றனர். விலை 2,40,000 ரூபா. கடன் கழித்துக் கைக்கு வரும் எமது சம்பளத்தில் அது பல மாதக் காசு. அங்கு வேலை செய்யும் இளைஞர்களை நாம் குறைகூற வரவில்லை. சாமானை மாற்றினால் சாமானிலும் இலாபம், கூலியிலும் இலாபம். குறை எங்கேயென்று ஒரு மணித்தியாலம் குனிந்து தேடினால் அந்த மணித்தியாலத்துக்கு விலைப்பட்டியலில் இடமில்லை. இந்த ஏற்பாட்டுக்குள் நேர்மையான தொழிலாளியும் சாமான் மாற்றுபவனாகத்தான் ஆவான்.

கொடிகாமத்துக்கு அருகே தகரக் கூரையின் கீழ் ஒரு கராஜ் இருக்கிறது. அதன் உரிமையாளருக்கு வயது அறுபதை நெருங்குகிறது. நெடுநாளாக அதன் வாசலைக் கடந்து சென்றும் நாம் உள்ளே நுழைந்ததில்லை; பழைய ஓஸ்ரின் கார்களைத் திருத்துபவர், புதிய கார் அவருக்குத் தெரியாது என்பது எமது எண்ணம். இங்கே அந்த ஓஸ்ரின்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றபோது, ஓஸ்ரின், மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சில துளி பெற்றோலை ஊற்றி என்ஜினைத் தொடக்கி, சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நோயாளிகளும் பிள்ளைப்பேற்றுக்குப் போன தாய்மாரும் அந்தப் புகைக்குள்தான் ஆஸ்பத்திரி சேர்ந்தனர். நாம் அப்பொழுது கைக்குழந்தை. இவரோ அக்காலத்தில் அந்த என்ஜின்களை ஓடவைத்த இளைஞர். எந்த விளக்கும் எரியாத கார்கள். காதால் கேட்டும் மூக்கால் மணந்தும் கண்டறிய வேண்டிய நோய்கள்.

அவர் முதலில் என்ஜினைத் தொடக்கச் சொல்லிவிட்டுப் பேசாமல் நின்றார். பின்னர் மேசை இலாச்சியிலிருந்து தீப்பெட்டி அளவான ஒரு சிறு கருவியை எடுத்து ஸ்ரியறிங்கின் கீழுள்ள வாயிற் செருகித் தமது கைத்தொலைபேசியைப் பார்த்தார். மூவாயிரம் ரூபாவுக்கு நாம் பெற்ற அதே இலக்கம் அங்கும் வந்தது. ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. வேறொரு பக்கத்தைத் திறந்து, "சேர், இனி அக்சிலேற்றரை மெல்ல மிதியுங்கோ" என்றார். வெறுமனே நிற்கும்போது 24 என்று காட்டிய ஓர் எண், என்ஜின் வேகமெடுத்ததும் 6 க்கு இறங்கியது. "அப்ப காத்துத்தான் களவாப் போகுது" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார்.

அதன் பொருளை அவர் விளக்கிய விதத்தை, விஞ்ஞான ஆசிரியர் பின்னர் வகுப்பிற் சொல்லியிருக்கிறார். பெற்றோல் ஒரு பங்குக்குக் காற்று ஏறத்தாழ 14.7 பங்கு, நிறைப்படி, என்பதே சரியான தகனத்துக்குரிய கணக்கு. எங்கோ ஒரு வெடிப்பினால் கணக்கில் வராத காற்று உள்ளே புகுந்தால், புகையில் ஒட்சிசன் மிஞ்சும். ஒட்சிசன் சென்சர் அதைக் கண்டு அறிவிக்கும். கார்க் கணினி கூடுதலாகப் பெற்றோல் ஊற்றி ஈடுசெய்யப் பார்க்கும். ஓர் எல்லைக்குமேல் ஈடுசெய்ய முடியாதபோது விளக்கை ஏற்றும். என்ஜின் மெதுவாகச் சுழலும்போது உறிஞ்சப்படும் மொத்தக் காற்றுக் குறைவு. அதனால் களவாகப் புகும் காற்றின் பங்கு பெரிது. வேகமெடுக்கும்போது அதே கள்ளக்காற்று மொத்தத்தில் சிறு பங்காகிவிடும். 24 ஆக நின்றது 6 ஆக இறங்கியதன் இரகசியம் இதுதான்.

ஆக, 52,000 ரூபா கொடுத்து நாம் கழற்றி எறிந்த சென்சர் பழுதானதன்று. உண்மையைச் சொன்னது அது ஒன்றுதான். "லைற் பொய் சொல்லேல்லை சேர். கேட்டவைதான் அரைவாசியில விட்டிட்டினம்" என்றார் அவர்.

பிறகு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தேடினார். குழாய் குழாயாகச் சிறிது சிறிதாகத் துப்புரவுத் திரவத்தைப் பீச்சி, என்ஜினின் சத்தம் எங்கே மாறுகிறதென்று காதை வைத்துக் கேட்டார். கடைசியில் அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், சூட்டில் இறுகி வெடித்த சுண்டுவிரல் நீள றப்பர்க் குழாய் ஒன்று அகப்பட்டது. குழாய் 600 ரூபா. கூலி 3,500 ரூபா. மொத்தம் 4,100.

இனி எழுதப்போவதே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. அதை எழுதக் கை கூசுகிறது.

"ஒரு றப்பர்த் துண்டுக்கு இவ்வளவா அண்ணை?" என்று கேட்டோம். அவர் சாக்குத் துண்டிற் கையைத் துடைத்துக்கொண்டே, "சரி சேர், தாறதைத் தாங்கோ" என்றார். 3,000 ரூபாவைக் கொடுத்தோம். எண்ணிப் பாராமல் சட்டைப் பையில் வைத்தார். இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் தப்பியது என்ற மகிழ்ச்சியில் நாமும் காரை எடுத்தோம்.

கைதடியை அண்மிக்கும்போது பின்னாசனத்திலிருந்து கணித ஆசிரியை கேட்டார்: "சேர், அங்கை மெசின் குத்தினதுக்கு மூவாயிரம் குடுத்தனீங்கள். அப்ப பேரம் பேசினனீங்களோ?"

நாம் மறுமொழி சொல்லவில்லை. அவரும் மீண்டும் கேட்கவில்லை. நாவற்குழிப் பாலம் வரை ஒருவரும் பேசவில்லை.

2021 யூலையிலிருந்து ஒக்ரோபர் வரை இந்நாட்டு ஆசிரியரும் அதிபரும் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றதை வாசகர் மறந்திருக்கமாட்டார். 24 ஆண்டுகாலச் சம்பள முரண்பாட்டைத் தீர்க்குமாறு கேட்டோம். கையிற் சோக்குத்தூள் படிந்தவனின் அறிவுக்கும் ஒரு விலை உண்டு, அவன் வகுப்பில் நிற்கும் நாற்பது நிமிடத்துக்குப் பின்னால் நாற்பது மாதப் படிப்பு இருக்கிறது என்று நாமே ஒரு கூட்டத்திற் பேசினோம். கைதட்டினார்கள். அதே நாம், கிறீஸ் படிந்த கைக்குப் பின்னால் இருந்த நாற்பது ஆண்டைக் காணவில்லை. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, அச்சடித்த தாளில், தவறான தீர்ப்புக்கு 55,000 ரூபாவை வாய்திறவாமல் கொடுத்தோம். தகரக் கூரையின் கீழ், சரியான தீர்ப்பில் 1,100 ரூபாவைக் குறைத்தோம்.

இது வெறும் கஞ்சத்தனமாக இருந்தால் எழுதியிருக்கமாட்டோம். எமது யாழ்ப்பாணத்து வளர்ப்பில், கையால் வேலை செய்பவரிடம் விலை குறைப்பது உரிமை போலவும், மேசைக்குப் பின்னால் இருப்பவரிடம் விலை கேட்பது மரியாதைக் குறைவு போலவும் ஊறிக்கிடக்கிறது. இன்ன தொழில் இன்னாருக்கு என்று சாதி வகுத்த கணக்கின் மிச்சம் அது. நாம் மேடையில் அதைக் கண்டிப்பவர். வகுப்பறையிலோ, வீட்டுவேலை செய்யாத மாணவனை எழுப்பி, "படிக்காட்டில் கராஜுக்குத்தான் போவாய்" என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்! உயர்தரத்திலே தொழினுட்பப் பிரிவு 2013 இல் தொடங்கப்பட்டது. எமது பாடசாலைக்குப் போகும் வழியிலேயே, அறிவியல் நகரில், 2016 முதல் வாகனத் தொழினுட்பம் கற்பிக்கும் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ஆயினும் அந்த வசனம் இன்னும் ஆசிரியர் வாயில் இருக்கிறது. அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை நல்லதொரு மெக்கானிக் ஆனாலும் தோற்றவன் என்றே தன்னை எண்ணுவான்.

மறுநாள் மாலை கொடிகாமத்தில் இறங்கி மீதி 1,100 ரூபாவை நீட்டினோம். அவர் வியக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. வாங்கி வைத்துவிட்டு, "சேர் தமிழ்தானே படிப்பிக்கிறனீங்கள்?" என்று கேட்டார். ஆம் என்றோம். இலாச்சியிலிருந்து எண்ணெய்க்கறை படிந்த சீ.ஆர். கொப்பி ஒன்றை எடுத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் இலக்கம், அதன் ஆங்கில விளக்கம், கீழே அவர் கையெழுத்திலே தமிழ். எல்லாம் தாமே காணொளிகளைப் பார்த்தும், தெரிந்தவர்களிடம் கேட்டும் எழுதியவை.

எமது காரின் இலக்கத்துக்குரிய ஆங்கில விளக்கத்தைத் தொலைபேசி தமிழாக்கித் தந்ததைக் காட்டிச் சிரித்தார். "அமைப்பு மிகவும் சாய்ந்துள்ளது" என்றிருந்தது. லீன் என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் சாய்தல் என்றும் பொருள், மெலிவு என்றும் பொருள். மெசினுக்கு அது தெரியவில்லை. "இப்பிடி நம்பி வேலை செய்தால் காரை நிமித்தியெல்லோ வைக்கவேணும்" என்றார். பட்டம் பெற்ற எம்மிடம் சரியான சொல்லைக் கேட்டார். எமக்கும் உடனே வரவில்லை.

1950களிலும் 1960களிலும் தாய்மொழிக் கல்விக்காகக் கலைச்சொற்றொகுதிகள் இந்நாட்டில் வெளியிடப்பட்டன. ஒட்சிசனும் ஐதரோக்காபனும் தகனமும் ஊக்கியும் அப்படித்தான் எம் பாடநூல்களில் நிலைத்தன. ஆனால் பாடநூலிலிருந்து கராஜின் மேசை இலாச்சிக்கு வரும் வழியை நாம் யாரும் போடவில்லை. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் 2012 இல் மக்கள் வாக்களித்து, கார் நிறுவனங்கள் தம் சொந்தத் திருத்தகங்களுக்குக் கொடுக்கும் தகவலை வெளிக் கராஜ்காரருக்கும் கொடுக்கவேண்டும் என்று சட்டம் ஆக்கினர். அங்கே பூட்டை வைத்திருந்தவர் கார் நிறுவனத்தார். இங்கே அந்தப் பூட்டு முழுவதும் திறந்தாலும், உள்ளே இருப்பது இவருக்கு விளங்கும் மொழியில் இல்லை. அந்தப் பூட்டுக்கு எம்மைத் தவிர யாரைக் குற்றஞ்சொல்வது?

அன்று முதல் வெள்ளிக்கிழமை தோறும் பாடசாலை விட்டுத் திரும்பும் வழியில் அரை மணித்தியாலம் அங்கே இறங்குகிறோம். விஞ்ஞான ஆசிரியரும் வருகிறார். பிளாஸ்ரர்த் துண்டை அவரே கழற்றிவிட்டார். விளக்கு இப்பொழுது எரிவதில்லை. எரிந்தபடி நின்றால் விரைவில் பார்க்கவேண்டும், மின்னி மின்னி எரிந்தால் உருளையொன்றில் பெற்றோல் எரியாமல் போகிறது, ஊக்கி மாற்றி வெந்துவிடும், வேகத்தைக் குறைத்து உடனே ஓரங்கட்டவேண்டும் என்ற வேறுபாட்டையும் அங்கேதான் கற்றோம். திருத்தச் செலவுக்கென்று நால்வரும் மாதம் ஆளுக்கு 1,000 ரூபா ஒரு பேணியில் போடுகிறோம். ஆரம்பப்பிரிவு ஆசிரியை அதற்குக் கணக்கு வைத்திருக்கிறார்.

கொப்பியில் இதுவரை பதினொரு பக்கம் முடிந்திருக்கிறது. P0171 க்கு "கலவை மெலிவு" என்று எழுதலாமா என்று கேட்டோம். "காத்துக் கூட, எண்ணெய் குறைய" என்று தாம் முன்பு எழுதியிருந்ததை அவர் வெட்டவில்லை, இரண்டையும் வைத்துக்கொண்டார். 24 இலிருந்து 6 க்கு இறங்கியதே, அந்த எண்ணுக்கு ஆங்கிலத்தில் ரிம் என்று பெயர். அதற்குத் தமிழ்ச் சொல் நால்வருக்கும் அகப்படவில்லை. "அது சேர், கொம்பியூட்டர் கூட்டிக் குறைச்சுப் பாக்கிறது" என்றார். அப்படியே எழுதியிருக்கிறோம்.